அப்பப்பாவின் சம்பளப் புத்தகம்: 1942 தியத்தலாவைப் பயிற்சி முகாம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஜம்பட்டா வீதிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்து அப்பப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே இரண்டு வேட்டி, ஒரு முருகன் படம், துறைமுகத்தில் வேலை செய்த காலத்து அடையாள அட்டை. அடியில் செய்தித்தாளில் சுற்றி இரண்டு சாமான். ஒன்று மண்ணிற அட்டை போட்ட சின்னப் புத்தகம். மற்றது பட்டாளத்தில் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற நீள்சதுர டின், மடக்குக் கைபிடியோடு.

புத்தகம் அவருடைய படைச் சம்பளப் புத்தகம். அவர் யுத்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் கேட்டதில்லை, அவரும் கதைத்ததில்லை. 1987இல் அவர் இறந்தபோது எனக்கு 14 வயது. எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். காலையில் எழுந்ததும் போர்வையை நான்கு மூலையும் ஒட்டும்படி மடித்து, நடுவில் தலையணையை வைப்பார். நாங்கள் யாராவது கட்டிலில் ஏறி விளையாடினால், ஏச மாட்டார், நாங்கள் இறங்கும் வரை நின்றுவிட்டுத் திரும்ப மடிப்பார்.

சேர்ந்த தேதி 1942 ஜனவரி 12. படையணி சீ.எல்.ஐ. வயது 20 என்று எழுதியிருக்கிறது. அவருடைய பிறப்புச் சான்றிதழும் அதே பெட்டியில் இருந்தது. அதன்படி அன்று அவருக்குப் 17 வயதும் நான்கு மாதமும். உயரம் 5 அடி 4 அங்குலம். ஊசி போட்ட தேதிகள். இடம் தியத்தலாவை.

கடைசிப் பக்கங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உயில் எழுதும் பக்கம் அது. பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட கொப்பியில் எழுதுவது போன்ற குண்டு குண்டான ஆங்கில எழுத்தில், எனக்குள்ளது எல்லாம் என் தாயாருக்கு என்று ஒரே வரி. கீழே கையெழுத்து. இப்போது என் மகனுக்கு அதே வயது. காலையில் அவனை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவதே எங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த முகாமில் ஒரு பெடியனின் நாள் எப்படிப் போயிருக்கும்? என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான், யாரோடு பழகினான்? பிறகு இரண்டு சின்னச் சந்தேகம். 1942 ஜூன் மாதத்தில் சம்பளத்தில் 2 ரூபாயும் சில சதமும் கழித்திருக்கிறார்கள், பக்கத்தில் ஏதோ சுருக்கெழுத்து. அது என்ன? அந்த டின்னின் வெளிப்பக்கம் நல்லா இருக்கிறது, உள்பக்கம் மட்டும் துரு தின்று ஓட்டை விழுந்திருக்கிறது. அது எப்படி?

பம்பலப்பிட்டி மாஸ்டர்:

தம்பி, முதலில் அந்தப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் போட வேண்டாம். கொழும்பு வெக்கைக்கு உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். வெள்ளைத் தாளில் சுற்றி வையுங்கள்.

சீ.எல்.ஐ. என்றால் சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி. 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கியது. 1910இல் இலங்கைப் பாதுகாப்புப் படை என்று ஒன்றை ஆக்கி அதற்குள் இதையும் சேர்த்தார்கள். அந்தப் படையை முழுநேர சேவைக்கு அழைத்தது 1939 செப்டம்பர் 2ஆம் தேதி. ஹிட்லர் போலந்துக்குள் புகுந்த மறுநாள். பிரிட்டன் யுத்தத்தை அறிவித்ததே அதற்கு அடுத்த நாள்தான்.

உங்கள் அப்பப்பா சேர்ந்த தேதியைக் கவனியுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் இறங்கிவிட்டது. அவர் சேர்ந்து ஐந்து கிழமைக்குள், பெப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8ஆம் தேதி ரங்கூன். அதுவரை எங்கோ நடந்த யுத்தம் கொழும்பு வாசலுக்கு வந்த மாதங்கள் அவை. வயதைப் பற்றித் துருவிக் கேட்கிற காலம் அது இல்லை.

முகாமில் ஒரு நாள் என்று கேட்டீர்கள். என் மாமா அதே படையணியில் இருந்தவர், 1940இல் சேர்ந்தவர். அவர் சொன்னதைச் சொல்கிறேன். விடிய முதல் பியூகிள் ஊதும். இருட்டில் பச்சைத் தண்ணியில் சவரம். பிறகு கட்டில் கிட். அதாவது போர்வையை மடித்து, உடுப்பு, கோப்பை, கரண்டி, சவரக் கத்தி, பூட்ஸ் எல்லாவற்றையும் ஒரே முறையில் அடுக்கிவிட்டுக் கட்டில் முன்னால் விறைப்பாக நிற்க வேண்டும். ஒரு பொத்தான் மங்கலாக இருந்தால் அந்தக் கிழமை லீவு போச்சு. உங்கள் அப்பப்பா ஏன் அப்படி மடித்தார் என்பது இப்போது விளங்குகிறதா?

பிறகு உடற்பயிற்சி, பிறகு பரேட் மைதானம், வெயில் ஏறும் வரை லெஃப்ட் ரைட். அதற்குப் பிறகு துவக்கு. பாயிண்ட் த்ரீ நொட் த்ரீ, லீ என்ஃபீல்ட். 4 கிலோ எடை. பத்துக் குண்டு போடலாம். கண்ணைக் கட்டிவிட்டுக் கழற்றிப் பூட்டச் சொல்வார்களாம். சுட்டு முடிந்ததும் கயிற்றில் துணித்துண்டு மாட்டிக் குழாய்க்குள் இழுத்து இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தக் கயிற்றுக்குப் புல்த்ரூ என்று பெயர். மாமா எழுபது வயதிலும் நீர்க்குழாய் அடைத்தால் "ஒரு புல்த்ரூ போடு" என்றுதான் சொல்வார்.

கழிப்பு, அநேகமாகச் சாமான் தொலைத்ததற்கு. கொடுத்த பொருள் குறைந்தால் விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தச் சுருக்கெழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

பத்தனைக் காற்று:

நான் இப்போது இருப்பது மட்டக்குளியில். பிறந்தது ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தியத்தலாவை எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தானே.

கொழும்புப் பெடியன்களுக்கு அங்கே முதல் எதிரி குளிர். 1200 மீட்டருக்கு மேலே. தை மாதம் இரவில் காற்று பத்தனைப் புல்லில் சீறிக்கொண்டு வரும். மரம் இல்லாத வெறும் புல்மலை, தடுக்க ஒன்றும் இல்லை. கொட்டாஞ்சேனையில் வேர்த்து வேர்த்துத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்? எங்கள் பாட்டி சொல்வார், பட்டாளத்துப் பெடியன்கள் ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பக்கம் வருவார்களாம், அடுப்படியில் குளிர்காய. தமிழ்ப் பெடியன்கள் என்று கண்டால் ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் கொடுப்பார்களாம். ஒரு பெடியன் ரொட்டியைக் கையில் வாங்கிச் சாப்பிடாமல் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றதைப் பாட்டி சாகும் வரை சொன்னார். சூட்டுக்காக. எங்கள் தாத்தா அவனிடம் பெயரைக் கேட்டாராம். அவன் பெயரைச் சொல்லாமல் நம்பரைச் சொன்னானாம், பழக்கத்தில்.

அந்த இடத்தில் கைதிகளும் இருந்திருக்கிறார்கள். 1900இல் தென்னாபிரிக்காவில் பிடித்த போயர்களை, அதாவது பிரிட்டனோடு சண்டை பிடித்த டச்சு வம்சத்துக் குடியேறிகளை, 5000 பேரளவில் அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இரண்டாவது யுத்தம் தொடங்கியதும் இலங்கையில் இருந்த ஜெர்மன்காரர்களை அங்கே அடைத்தார்கள். அதில் ஞானதிலோக்க தேரர் போல பௌத்த பிக்குகளும் இருந்தார்கள். பிறகு அவர்களை இந்தியாவில் டெஹ்ராடூனுக்கு அனுப்பினார்கள். மலையில் வெள்ளைக் கல்லால் ஒரு நரி இருக்கும், ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற கப்பலின் மாலுமிகள் செய்தது. உங்கள் அப்பப்பா பரேட்டில் நின்றபோது அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்.

ஜாவா லேன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கொம்பனித்தெருவில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் மலாய்க்காரர். பட்டாளம் எங்கள் ஆட்களுக்குப் புதிது இல்லை. சிலோன் ரைபிள் ரெஜிமென்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள், 1873இல் அதைக் கலைக்கும் வரை. என் வாப்பாவின் வாப்பாவும் 1942இல் தியத்தலாவையில் இருந்தார். அவரை நாங்கள் அப்பா என்று கூப்பிடுவோம். அவர் கொஞ்சம் கதைப்பார், அல்ஹம்துலில்லாஹ்.

முதல் மாதம் முழுக்கக் கால்தானாம் கதை. பாதிப் பெடியன்கள் அதுவரை பூட்ஸ் போட்டதே இல்லை. அடியில் ஆணி அடித்த கனத்த பூட்ஸ். மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம், ஐந்தாம் நாள் அது உடைந்து காலுறையோடு ஒட்டிவிடும். ராத்திரி காலுறையைக் கழற்ற, கோப்பையில் தண்ணி எடுத்துக் காலில் ஊற்றி ஊற்றி ஊற வைப்பார்களாம். வீட்டில் இருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தல் வந்தவன்தான் அந்த அறைக்கு ராஜா. எண்ணெயைத் தோலுக்குள் தேய்த்துத் தேய்த்து பூட்ஸை இளக்குவார்கள்.

ஒரே அறையில் சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாய், சோனகர். கட்டளை எல்லாம் இங்கிலீஷ். ஏச்சு மட்டும் எல்லா மொழியிலும். வெளிப் பயிற்சிக்குப் போகும் நாளில் டின்னில் அடைத்த மாட்டிறைச்சி கொடுப்பார்கள். எங்கள் அப்பா ஹலால் இல்லை என்று தொட மாட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த தமிழ்ப் பெடியன் சைவம், அவனும் தொட மாட்டான். இரண்டு பேரும் டின்னைப் பறங்கிப் பெடியனிடம் கொடுத்துவிட்டு பிஸ்கட்டும் ஜாமும் வாங்குவார்கள். பல்லு உடையும் பிஸ்கட், தேத்தண்ணியில் ஊறப்போட வேண்டும். அந்தத் தமிழ்ப் பெடியனின் பெயர் எனக்குத் தெரியாது. கொழும்புப் பெடியன், நல்லாப் பாடுவான் என்று மட்டும் சொல்வார்.

உங்கள் அப்பப்பா பாடுவாரா?

ஜம்பட்டா வீதிக்காரன்:

நானா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு உடனே அப்பாவுக்குப் போன் அடித்தேன். அவர் பாடி யாரும் கேட்டதில்லையாம். ஆனால் ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலில் சின்ன வயதில் தேவாரம் பாடினார் என்று ஆட்கள் சொல்வார்களாம். அதற்கு மேல் தெரியாது.

தெமட்டகொடைத் தோழன்:

நான் குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், ஆனால் சொல்ல வேண்டும். அது எங்கள் யுத்தம் இல்லை. வெள்ளைக்காரன் தன் துறைமுகத்தையும் றப்பரையும் காப்பாற்ற எங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினான். அப்போதே அதை எதிர்த்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். சமசமாஜக் கட்சித் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நான்கு பேரும் 1940இல் இருந்து சிறையில். கொழும்பில் ஜப்பான்காரன் போட்ட குண்டு விழுந்து இரண்டு நாளில், 1942 ஏப்ரல் 7ஆம் தேதி, கண்டியில் சிறையில் இருந்து தப்பினார்கள். அந்தக் கதையையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பட்டாள வாழ்க்கையை இனிப்பாக்கிச் சொன்னால், நாளைக்கு இன்னொருவன் பிள்ளையைக் கேட்டு வருவான். இந்த நாட்டில் அதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஜம்பட்டா வீதிக்காரன்:

தோழர், உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. கடைசி வரியை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். என் மகன் போகிறேன் என்றால் வாசலை மறித்து நிற்பேன்.

ஆனால் அவர் ராஜாவுக்காகப் போகவில்லை. அவருடைய அப்பா 1939இல் காய்ச்சலில் செத்துவிட்டார். வீட்டில் அம்மா, மூன்று தங்கச்சி. புத்தகத்தில் ஒவ்வொரு மாதமும் பாதிக்கு மேல் வீட்டுக்கு என்று பிடித்து அனுப்பியிருக்கிறது. அரிசி எங்கள் நாட்டில் விளைந்தது போதாது, பர்மாவில் இருந்துதான் வந்தது. பர்மா போனதும் அரிசியும் போச்சு. அந்த வருஷம்தான் கூப்பன் வந்தது, கோதுமை மாவும் பாணும் சோற்றுக்குப் பதிலாக வந்தது. அந்தக் காலத்தில் மூன்று நேரம் சாப்பாடும் சம்பளமும் தருகிறோம் என்று ஒருவன் சொன்னால், 17 வயதுப் பெடியன் என்ன செய்வான்? வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போவான். நான் அதை இனிப்பாக்கவில்லை. எனக்கு அந்தப் பெடியனைத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பம்பலப்பிட்டி மாஸ்டர்:

இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. தோழர் சொன்ன எண்ணம் பட்டாளத்துக்குள்ளேயே இருந்தது. இந்து சமுத்திரத்தில் இருக்கிற கொக்கோஸ் தீவுகளுக்குக் காவலாக அனுப்பிய சிலோன் கரிசன் பீரங்கிப் படைப் பெடியன்கள் 1942 மே 8 இரவு கிளர்ச்சி செய்தார்கள். அது தோற்றது. ஒரு படையாள் இறந்தான். கிளர்ச்சிக்காக, அதற்குத் தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோவையும் இன்னும் இரண்டு பேரையும் ஆகஸ்ட் மாதம் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். 5ஆம், 7ஆம், 8ஆம் தேதிகளில்.

அவர்களும் இளவயதுப் பெடியன்கள்தான். ஒரே பாதுகாப்புப் படை. என் மாமாவிடம் ஒரே ஒரு முறை இதைக் கேட்டேன். எழுந்து போய் முற்றத்தில் நின்றார். பிறகு நான் கேட்கவில்லை. உங்கள் அப்பப்பா ஏன் கதைக்கவில்லை என்று நீங்கள் கேட்டால், என் கணிப்பில் இதுவும் ஒரு காரணம். முகாமில் யாரிடம் என்ன சொல்லலாம் என்ற பயம் அந்த வருஷம் அவர்களுக்குள் ஏறிவிட்டது, பிறகு இறங்கவே இல்லை.

கொச்சிக்கடை மகள்:

எல்லோரும் முகாமைப் பற்றிக் கதைக்கிறீர்கள். அதே மாதங்களில் அந்தப் பெடியனின் அம்மா எங்கே இருந்தார் என்பதையும் பாருங்கள்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. எங்கள் அம்மம்மாவுக்கு அப்போது 11 வயது. காலைப் பூசைக்குப் புது உடுப்போடு நின்றிருக்கிறார். ஏழரை மணி தாண்டியதும் துறைமுகப் பக்கம் இரைச்சல். முதலில் எல்லோரும் மேலே பார்த்துக் கை காட்டினார்களாம், நம்முடைய விமானம் என்று. பிறகுதான் வெடி. ஹெக்டர் என்ற கப்பலும் டெனிடோஸ் என்ற கப்பலும் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கிப்போயின. ரத்மலானையிலும் குண்டு விழுந்தது. அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியிலும் விழுந்தது, அந்தப் பாவப்பட்ட நோயாளிகள் மேல்.

அன்று மத்தியானமே ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். கோட்டை ஸ்டேஷனில் ஏற இடமில்லை. எங்கள் ஆட்கள் அரிசிப் பானையையும் அந்தோனியார் சொரூபத்தையும் துணியில் கட்டிக்கொண்டு விக்டோரியா பாலத்தைத் தாண்டி நடந்தே வத்தளைக்குப் போனார்கள். பாலத்தில் வண்டி மாடு ஒன்று படுத்துவிட்டதாம், அதைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லை, எல்லோரும் அதைச் சுற்றி நடந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஈஸ்டர் அன்று இந்தக் கதையை எடுப்பதில்லை.

ஜம்பட்டா வீதியில் இருந்து துறைமுகம் எவ்வளவு தூரம்? நடந்து போகிற தூரம்தானே. அண்ணா, உங்கள் அப்பப்பா அன்று தியத்தலாவையில். துவக்கோடு பத்திரமாக மலையில். குண்டு விழுந்தது அவருடைய அம்மா இருந்த இடத்தில். அந்தச் செய்தி முகாமுக்குப் போன பிறகு அவர் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்?

உங்கள் வீட்டில் அந்த நாட்களைப் பார்த்த யாராவது இன்னும் இருக்கிறார்களா? இருந்தால் இங்கே எழுதுவதை விட்டுவிட்டு முதலில் அங்கே போங்கள்.

ஜாவா லேன்:

தங்கச்சி சொன்னது சரி. எங்கள் அப்பா சொன்ன ஒன்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கொழும்பில் குண்டு என்ற செய்தி வந்த இரவு, கொழும்புப் பெடியன்கள் எல்லோரும் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார்களாம். சார்ஜன்ட் வந்து விளக்கை அணைக்கச் சொன்னார், ஆனால் படு என்று சொல்லவில்லை. யாரோ ஒருவன் மெதுவாகப் பாடினானாம். தமிழில். என்ன பாட்டு என்று அவருக்கு விளங்கவில்லை.

அது உங்கள் அப்பப்பா என்று நான் சொல்ல மாட்டேன். கொழும்பில் எத்தனையோ தமிழ்ப் பெடியன்கள்.

பத்தனைக் காற்று:

இதைப் படித்துவிட்டு வேலையில் மனம் போகவில்லை.

ஜம்பட்டா வீதிக்காரன்:

மூன்று நாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். தங்கச்சி சொன்னபடி போனேன்.

அப்பப்பாவின் கடைசித் தங்கை வத்தளையில் மகள் வீட்டில் இருக்கிறார். சின்னாச்சி என்று கூப்பிடுவோம். 94 வயது. கண் சரியாகத் தெரியாது, காது நல்லாக் கேட்கும். டின்னைக் கையில் கொடுத்தேன். விரலை உள்ளே விட்டுத் தடவினார். துருத் தூள் விரலில் ஒட்டியது. மணந்து பார்த்தார். "உப்பு" என்றார்.

1942 ஆனி மாதம் அவருக்கு முதல் லீவு கிடைத்தது. வீட்டில் அப்போது கூப்பன் அரிசிதான், நான்கு வாய்க்குப் போதாது. ராத்திரி பாண், இல்லாவிட்டால் மாவுக் கஞ்சி. அவர் விடிய வந்து இறங்கினார். சீருடை, தலையில் மயிர் இல்லை, முகம் கறுத்துப் போய், சின்னாச்சிக்கு அடையாளமே தெரியவில்லை, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவர் பையைத் திறந்து இந்த டின்னை எடுத்தார். மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே அரிசி. முகாம் சமையல்காரர் கொடுத்தது. ஒரு கொத்துக்குக் கிட்ட இருக்கும் என்று சின்னாச்சி கையால் அளந்து காட்டினார். தியத்தலாவையில் இருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அன்று எல்லோரும் சோறு சாப்பிட்டார்கள். அவர் சாப்பிடவில்லை, முகாமில் தினமும் சோறு என்று சொல்லிவிட்டார். பாயில் படுத்தவர் மறுநாள் வரை தூங்கினார். விடிய எழுந்து பாயை நான்காக மடித்து அதன் முன்னால் விறைப்பாக நின்றாராம், நின்ற பிறகுதான் வீட்டில் நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தாராம். தங்கச்சிகள் சிரித்தார்கள். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

திரும்பிப் போகும் அன்று டின்னைத் தேடினார். அம்மா அதற்குள் உப்பைக் கொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இது இங்கே கிடக்கட்டும், நான் ஒவ்வொரு நேரமும் கை வைக்கிற இடத்தில் என்றார். அம்மா, இது அரசாங்கச் சாமான், தொலைந்தால் காசு பிடிப்பான் என்று அவர் சொன்னாராம். எவ்வளவு பிடிப்பான் என்று அம்மா கேட்டார். அவர் பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அம்மா 1961இல் சாகும் வரை உப்பு அதில்தான் இருந்தது.

நானா, பாட்டைப் பற்றியும் கேட்டேன். சின்னாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். பட்டாளத்துக்குப் போக முந்திப் பாடுவான், வந்த பிறகு பாடவில்லை என்றார். என்ன பாடுவார் என்று கேட்டேன். மெல்லிய குரலில் இரண்டு வரி முணுமுணுத்தார், தேவாரம் போல இருந்தது, எனக்குச் சொல் பிடிபடவில்லை. சனிக்கிழமை திரும்பப் போகிறேன். இந்த முறை போனில் பதிவு செய்து உங்களுக்கு அனுப்புகிறேன், உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த மெட்டு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.